டிரவுட் கேட்கும் தண்ணீர்

வாசகர் கேள்விகள், பேரணாம்பட்டிலிருந்து பதில்கள்

சென்ற இதழில், “நண்பரோடு நீலகிரி மலையில் ஒரு பகல் முழுக்கத் தூண்டில் போட்டேன்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். அதனால் இந்த முறை அரசியல், சினிமா கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டேன். முழுக்க மீன், மலை, தண்ணீர்.

பேரணாம்பட்டில் மீனே கிடைக்காதா? நீலகிரி வரைக்கும் போய்ப் பிடிக்க வேண்டுமா?
(வாசகர், குடியாத்தம்)

மீன் கிடைக்கும். உங்கள் மோர்தானா அணையில் ஜிலேபி, மழை பெய்து நிரம்பிய ஏரியில் கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் உண்டு. டிரவுட்தான் கிடைக்காது. மற்ற மீனை ஐஸ் பெட்டியில் வைத்து நம் தெருவுக்கே கொண்டுவந்துவிடலாம். உயிருள்ள டிரவுட்டைப் பார்க்க வேண்டுமென்றால், அது வாழும் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். நாங்கள் போனது மீனுக்காக. திரும்பி வந்தபோது மனசு நிறைய இருந்தது அந்தத் தண்ணீர்.

டிரவுட் எப்படி இருக்கும்? நம்ம ஊர் மீனில் எதைப் போல?
(இல்லத்தரசி, ஆம்பூர்)

நான் பார்த்தது வானவில் டிரவுட். முதுகு ஆலிவ் பச்சை, அதன் மேல் மிளகைத் தூவினதுபோல் கரும்புள்ளிகள். செவுளிலிருந்து வால் வரைக்கும் பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. கெண்டைக்கு இருப்பதுபோல் பெரிய செதில் கிடையாது. செதில் அத்தனை சிறிசு என்பதால் கையில் பிடித்தால் பட்டுத் துணியைத் தொட்டதுபோல் இருக்கும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே எலும்பில்லாத ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். நம் கெளுத்திக்கும் அது உண்டு. அடுத்த முறை மீன் கழுவும்போது பாருங்கள்.

இந்த மீன் நீலகிரியிலேயே பிறந்ததா?
(கல்லூரி மாணவர், வாணியம்பாடி)

இல்லை. வானவில் டிரவுட்டுக்குப் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரமும் ரஷ்யாவின் கம்சாத்காவும். ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் நாட்டு ஓடையும் தங்கள் நாட்டு மீனும் வேண்டும் என்று ஆசை. 1863-இல் பிரான்சிஸ் டே என்கிற மருத்துவர், பழுப்பு டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். இந்தியாவின் மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே டே.

தோற்ற காரணம் எளிது. டிரவுட் முட்டைக்குச் சூடு ஆகாது, வெப்ப மண்டலக் கடல் வழி நெடுக வெயில். முட்டையை அவ்வளவு தூரம் எடுத்துப்போக முடியும் என்று அடுத்த ஆண்டே ஒரு கப்பல் காட்டியது. 1864-இல் ‘நார்ஃபோக்’ என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, மரப்பெட்டிகளில் ஈரப்பாசியைப் பரப்பி, அதில் முட்டைகளை வைத்து, மேலே டன் கணக்கில் பனிக்கட்டியை அடுக்கியிருந்தார்கள். மூன்று மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு தாஸ்மானியாவில் குஞ்சு பொரித்தது. அங்கே பெருகிய மீனின் முட்டைகள்தான் பிறகு நியூசிலாந்துக்கும் போயின.

நம் நீலகிரியில் காரியத்தை முடித்துக் காட்டியவர் எச்.சி.வில்சன். 1907-இல் அவலாஞ்சியில் ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களிலிருந்து முட்டைகள் வந்தன. பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை, வானவில் டிரவுட் நிலைத்துவிட்டது. அந்தப் பொரிப்பகம் இன்று தமிழக மீன்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

நுவரெலியாவிலும் டிரவுட் உண்டு. அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.
(வாசகி, நுவரெலியா, இலங்கை)

மறப்பேனா? எங்களுக்கு முன்பே உங்கள் மலைக்கு வந்துவிட்டது. 1880-களிலேயே நுவரெலியாவில் பழுப்பு டிரவுட்டை விட்டார்கள், வானவில் டிரவுட் பின்னால் வந்தது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் அது தானாகவே பெருகவும் செய்தது. காஷ்மீருக்கு 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அங்கே அதற்காக ஓடியாடியவர் ஃபிராங்க் மிட்செல் என்ற கம்பளத் தொழிற்சாலை முதலாளி. முந்தின ஆண்டு வந்த பெட்டியில் இருந்த முட்டைகள் அத்தனையும் செத்துப்போயின. அதற்காக அவர் விட்டுவிடவில்லை. தொழில் நடத்துகிறவர் ஒருவர் தம் ஊர்த் தண்ணீர் மேல் இவ்வளவு அக்கறை வைத்தார் என்பதை எங்கள் ஊர் முதலாளிகளுக்குச் சொல்ல எனக்கு ஆசை.

உங்களோடு வந்த நண்பர் யார்?
(வாசகர், மேல்பட்டி)

பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். ஊருக்கே அவர் ‘பாய்’, எனக்கும் பாய். முப்பது வருடம் தோல் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். மேசை மேல் தோலை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் ஒரு தடவு தடவுவார். எந்த இடத்தில் உண்ணி கடித்தது, எந்த இடத்தில் முள் கீறியது, எந்த இடத்தில் கசாப்புக் கத்தி ஆழமாக இறங்கியது என்று சொல்லிவிடுவார். நான் பள்ளிக்கூட வாத்தியார். அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போய் அவருக்குக் கூட்டாளி ஆனவன். சின்ன வயதில் மலட்டாற்றில் வேட்டியை விரித்து மீன் அரித்த கதையை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். “ஒரு தடவையாவது சுத்தமான ஆத்துல நிக்கணும் வாத்தியாரே” என்று அவர் சொன்னதுதான் எங்கள் பயணத்துக்கு ஆரம்பம்.

எப்படிப் போவது? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
(வங்கி ஊழியர், வேலூர்)

பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம் வழியாகக் காட்பாடி வரை பஸ். காட்பாடியில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டி. அன்றைக்கு முழுக்க ஊட்டியில் ஓய்வு, அனுமதி வேலை. மறுநாள் விடியும் முன்பே எமரால்டு வழியாக அவலாஞ்சி.

டிரவுட் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு வேண்டும். ஓடை காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதியும் வேண்டும். இது புலியும் காட்டெருமையும் நடமாடும் காடு. முக்குருத்தி 1990-இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அதற்குள் தூண்டிலோடு நுழையவே கூடாது. எந்த மாதம், எந்த ஓடை, எத்தனை மீன், எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும் என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுத் தூண்டிலைக் கட்டுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் ஊரில் ஒரு வருடம் பெய்வதற்குச் சற்றுக் குறைவான மழை அது.

இரை என்ன? மண்புழுவா, கோதுமை மாவு உருண்டையா?
(பத்தாம் வகுப்பு மாணவன், பேரணாம்பட்டு)

இரண்டும் இல்லை தம்பி. ஈ! நிஜ ஈ கூட இல்லை, ஈ மாதிரிச் செய்தது. தூண்டில் முள்ளின் மேல் நூலைச் சுற்றி, அதில் சேவல் இறகைக் கட்டி, தண்ணீரில் விழுந்த பூச்சிபோல் செய்து வைத்திருப்பார்கள். டிரவுட் ஓடையின் பூச்சிகளைத் தின்று வளரும் மீன். தண்ணீர் எதிரே வரும் திசையில் முகத்தை வைத்து நிற்கும், மிதந்து வருவதைப் பார்க்கும், பிடித்ததை மட்டும் எழும்பிக் கவ்வும்.

இந்த வித்தை புதிதல்ல. ரோமானிய எழுத்தாளர் ஏலியன், சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் முள்ளுக்குச் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடிப்பதை எழுதிவைத்திருக்கிறார். அந்த ஈயைக் கையில் வாங்கிய பாய் உருட்டி உருட்டிப் பார்த்தார். “நம்ம கறிக்கடை வாசல்ல மூட்டை மூட்டையாக் கெடக்குது வாத்தியாரே, இத்தனை நாளு குப்பைன்னு நெனச்சோமே!” என்றார்.

பெண்கள் தூண்டில் போடுவது உண்டா? எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள்.
(ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்)

சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த மிகப் பெரிய சால்மன் 64 பவுண்டு, ஏறக்குறைய 29 கிலோ. 1922-இல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் அதைப் பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண். நூறு வருடம் கடந்தும் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். நாள் முழுக்கத் தோலின் ஓரத்தை மடித்துத் தையல் பிசகாமல் ஓட்டுகிற உங்கள் விரலுக்கு, இறகை நூலால் கட்டி ஈ செய்கிற வேலை சுலபமாகவே வரும்.

டிரவுட்டுக்கு ஏன் குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும்?
(அறிவியல் ஆசிரியை, ஆம்பூர்)

உங்கள் வகுப்பிலேயே சொல்லக்கூடிய பாடம் இது. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில் 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரி தண்ணீர் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அதே நேரம், உடம்பு சூடானால் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடினால் எந்தக் குடும்பமும் தாங்காது. டிரவுட்டும் தாங்காது. 20 டிகிரிக்கு மேல் போனால் தவிக்க ஆரம்பித்துவிடும்.

முட்டை இன்னும் நுட்பமானது. தாய் மீன் கூழாங்கல் படுகையை வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கல்லால் மூடிவிடும். கல் இடுக்கு வழியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 10 டிகிரியில் குஞ்சு வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் வண்டல் வந்து இடுக்கை அடைத்தால் முட்டைகள் மூச்சு முட்டிச் சாகும். மலையில் ஒரு சரிவில் மரத்தை வெட்டினால் கீழே ஓடையில் மீன் குறைவது இப்படித்தான்.

நேரடியாகக் கேட்கிறேன். எத்தனை மீன் பிடித்தீர்கள்?
(வாசகர், ஜோலார்பேட்டை)

நேரடியாகவே சொல்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரைக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. அதுவும் பாய் பிடித்தது.

அந்த ஒன்றைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை. மார்ச் மாதம்தான், ஆனாலும் ஓடையில் கால் வைத்ததும் கணுக்கால் எலும்பு வரை வலித்தது. தண்ணீர் கண்ணாடி. முழங்கால் ஆழத்தில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம். எங்களோடு வந்த காவலர், பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று அடங்குகிற இடத்தைக் காட்டி, “அங்கே போடுங்க” என்றார். பாய் வீசினார். நாற்பது ஐம்பது தடவை ஒன்றுமில்லை. மதியம் வெயில் சாய்ந்த நேரத்தில் தூண்டில் நரம்பு ஒரு வெட்டு வெட்டியது. பாய் ஒரு சத்தமும் போடவில்லை. மெதுவாக இழுத்துக் கொண்டுவந்தார்.

காவலர் முதலில் சொன்னது, “கையை நனைச்சுக்குங்க” என்பதுதான். மீனின் உடம்பு மேல் வழவழப்பாக ஒரு பூச்சு உண்டு. நோயும் பூஞ்சையும் ஏறாமல் காப்பது அதுதான். காய்ந்த கையால் பிடித்தால் அந்தப் பூச்சு உரிந்துவிடும். தண்ணீருக்குள் போன பிறகு புண் வைத்துச் சாகும். பாய் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே மீனை ஏந்தினார். முப்பது வருடம் தோலைத் தடவிய அந்த விரல், உயிருள்ள ஒரு தோலின் மேல் பட்டும் படாமலும் நின்றது. “தோல்ல ஒரு கீறல் வுழுந்தாலும் கிரேடு போச்சு வாத்தியாரே. இது ஒரு கீறல் இல்லாத மாலு” என்றார். ஒரு சாண் நீளம்தான். அளவுக்குக் குறைவு. முள்ளைக் கழற்றி, தலை எதிர்நீரைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். செவுள் நாலைந்து தடவை திறந்து மூடியது. பிறகு விரலிடுக்கில் அது இல்லை.

பிடித்துவிட்டு விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்? மீனுக்கு வலிக்காதா?
(வாசகி, திருப்பத்தூர்)

வலிக்கும் என்றே நினைத்து நடந்துகொள்வதுதான் நியாயம். முள்ளின் எதிர்வாயை மழுக்கிவிட வேண்டும். தண்ணீரை விட்டு வெளியே தூக்கக் கூடாது. களைத்துப்போகும் வரை விளையாட்டுக் காட்டக் கூடாது. விடுவதற்காகவே நாள் முழுக்க மீனைப் பிடித்துப் பிடித்து விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அளவுக்கு இருந்தால் அனுமதித்த எண்ணிக்கைக்குள் எடுத்துச் சமைக்கலாம், இல்லாவிட்டால் உடனே விட்டுவிட வேண்டும். உணவுக்கு இல்லாத உயிரைச் சிரமப்படுத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. அன்றைக்கு ஒன்று பிடித்ததும் பாய் தூண்டிலைச் சுருட்டிவிட்டார். மீதி நேரம் பாறை மேல் உட்கார்ந்து தண்ணீரைத்தான் பார்த்தோம்.

எப்படிச் சமைப்பது?
(ஓட்டல்காரர், ஆம்பூர்)

மசாலாவைக் குறையுங்கள், இதுதான் முதல் விதி. செதில் சுரண்ட வேண்டாம். குடலை எடுத்துக் கழுவி, மஞ்சள், மிளகு, உப்பு மட்டும் தடவி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். முள் அதிகம் இல்லாத மென்மையான சதை. பிரியாணிக்கு வேண்டாம். பிரியாணிக்கு உங்களிடம் இருப்பதே போதும்.

டிரவுட் வெளிநாட்டு மீன்தானே? அதைக் கொண்டாடுவது சரியா?
(இயற்கை ஆர்வலர், ஏலகிரி)

நல்ல கேள்வி. உலகில் மிக மோசமாகப் பரவும் அயல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தினர் வெளியிட்ட நூறு பெயர்ப் பட்டியலில் வானவில் டிரவுட்டும் உண்டு, பழுப்பு டிரவுட்டும் உண்டு. போன இடத்திலெல்லாம் அங்குள்ள சின்ன மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்கிறது. அதனால் இதுவரை டிரவுட் இல்லாத ஓடை ஒன்றில்கூட இனிமேல் அதை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நமக்கு இதில் அனுபவமும் உண்டு. 1952-இல் இந்தியாவுக்கு வந்தது ஜிலேபி. இன்று அது இல்லாத ஏரியைத் தேட வேண்டியிருக்கிறது, கெண்டைதான் குறைந்துபோனது. நான் கொண்டாடுவது டிரவுட்டைக் கொண்டுவந்து விட்ட செயலை அல்ல. அது உயிரோடு இருக்கும் அளவுக்கு ஓர் ஓடை இன்னும் நம் மாநிலத்தில் சுத்தமாக இருப்பதை.

நம்ம பாலாற்றில் டிரவுட் வளர்க்க முடியுமா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, பேரணாம்பட்டு)

முடியாதம்மா. நம் வெயிலில் அது ஒரு மணி நேரம் தாங்காது. ஆனால் உன் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. பாலாற்றில் பாலாற்று மீனாவது வளர முடியுமா?

பாலாறு 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, மீதி 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியபோது உன்னை உன் அப்பா பாலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார். தண்ணீர் மணலுக்கு மேலே இல்லாத காலத்திலும் மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. நம் தாத்தா பாட்டி ஊற்று தோண்டிக் குடித்தது அதைத்தான். அந்த அடித்தண்ணீரில்தான் தோல் கழிவின் உப்பு இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பே எடுத்துக் காட்டுகிறது. ‘கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற நம் பாலாறு காரணமானது. சட்டக் கல்லூரியில் சேர்ந்தால் முதல் ஆண்டுகளிலேயே உன் ஊர்க் கதையைப் படிப்பாய்.

அப்படியானால் தொழிற்சாலைகளை மூடச் சொல்கிறீர்களா? எங்கள் சோறு அதில்தான் இருக்கிறது.
(டேனரித் தொழிலாளி, பேரணாம்பட்டு)

மூடச் சொல்ல மாட்டேன் அண்ணே. என் தெருவில் பாதி அடுப்பு தோல் தொழிலால்தான் எரிகிறது. நான் பாடம் சொன்ன பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியதும் அதுதான். பாயின் விரலுக்கு அந்த அறிவைக் கொடுத்ததும் அதுதான்.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்குகிறது. வழக்கமான முறையில் ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். மற்ற அழுக்கையாவது சுத்திகரித்து எடுக்கலாம். கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரிய செலவு, பெரிய பாடு. அதனால் ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைத் தனியாக எடுத்துவிட்டால் பாரம் குறையும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரை வெளியே விடாமல் வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தது. 1948-இல் சென்னையில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தண்ணீர் சேர்க்காமலே குரோம் பதனிடும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. அறிவு கையில் இருக்கிறது. அதை ஒரு நாள்கூட நிறுத்தாமல், யாரும் பார்க்காத ராத்திரியிலும் நடத்துவதுதான் மீதி வேலை.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. முதல் தீர்ப்பு வந்து அப்போது 28 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அன்று பிறந்த குழந்தை இன்று உங்களோடு ஷிஃப்டில் நிற்கிறது. அதன் பிள்ளைக்காவது கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கிடைக்க வேண்டும் என்பது எனக்கும் ஆசை, உங்களுக்கும் ஆசை. இதில் நாம் எதிரெதிர்க் கட்சி அல்ல.

பதனிடும் பட்டைக்கும் மீன் வலைக்கும் சம்பந்தம் உண்டு என்று என் பாட்டி சொல்வார். உண்மையா?
(வாசகர், ராணிப்பேட்டை)

பாட்டி சொன்னது உண்மை. குரோம் வரும் முன் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். கடற்கரையில், நைலான் வரும் முன், பருத்தி வலை மக்கிப்போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்தார்கள். இரண்டிலும் வேலை செய்வது ஒரே துவர்ப்புதான். தோல்காரரும் மீன்காரரும் ஒரே மரத்தடியில் நின்றவர்கள்.

தூண்டில் போடுகிறவனுக்கு முக்கியமான குணம் எது?
(வாசகர், பள்ளிகொண்டா)

எல்லோரும் பொறுமை என்பார்கள். நான் கவனம் என்பேன். பொறுமையாகத் தூங்கவும் செய்யலாம். நிழல் தண்ணீரில் விழாமல் நிற்பது, பூச்சி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பது, கல்லுக்குப் பின்னால் நீர் எப்படித் திரும்புகிறது என்று படிப்பது, இதெல்லாம் கவனம். எட்டு மணி நேரம் அப்படிப் பார்த்தவனுக்கு அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரையும் சும்மா தாண்டிப் போக முடியாது.

நாள் முழுக்க நண்பரோடு என்ன பேசினீர்கள்?
(வாசகி, வேலூர்)

பேசியது ரொம்பக் கொஞ்சம். பேசினால் மீன் ஓடிவிடும் என்று முதலில் பேசாமல் இருந்தோம், பிறகு பேசத் தேவை இல்லாமல் போயிற்று. பாயின் மனைவி கட்டிக்கொடுத்த சப்பாத்தியைப் பாறை மேல் வைத்துப் பிரித்தோம். ஆற்காட்டு மக்கன் பேடாவில் இரண்டைக் காவலருக்குக் கொடுத்தோம். ஊறவைத்த கால் மரத்துப்போனதும் வெயிலில் நீட்டிக்கொண்டோம். ஒரே ஒரு தடவை பாய் கேட்டார்: “வாத்தியாரே, மலட்டாறு நான் சின்னப் பையனா இருக்கச்சொல்ல இப்படித்தான் இருந்துச்சு. தரை தெரியும். நம்புவியா?” நம்புகிறேன் என்றேன். கூட்டாளி ஒருவன் தன் சின்ன வயதைச் சொல்லும்போது அதை நம்புவதற்குத்தான் இன்னொரு கூட்டாளி.

அடுத்த முறை எங்கே போகப்போகிறீர்கள்?
(ஆறாம் வகுப்பு மாணவன், பத்தலப்பல்லி)

தூரமாகப் போகவில்லை தம்பி, உன் ஊருக்குத்தான் வந்தோம். போன மழைக்கு மறுநாள் காலையில் பாய் போன் செய்து, “மலட்டாத்துல தண்ணி வருது, வா” என்றார். பாலத்துக்குக் கீழே இறங்கினோம். மலையிலிருந்து வந்த புதுத் தண்ணீர், செம்மண் கலங்கல். ஓரத்தில், கல் இடுக்கில் மட்டும் கொஞ்சம் தெளிந்து நின்றது. அந்தத் தெளிவில் விரல் நீளத்துக்குக்கூட வராத கெண்டைக் குஞ்சுகள் பத்துப் பதினைந்து, எதிர்நீரைப் பார்த்து நின்றன, அவலாஞ்சியில் நின்றதைப் போலவே.

பாய் தூண்டில் கொண்டுவரவில்லை. குனிந்து, கையை மணிக்கட்டு வரை நனைத்து, விரலைத் தண்ணீருக்குள் விட்டு, தோலைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். எடுத்து மோந்து பார்த்தார்.

“இன்னும் கிரேடு வரலை வாத்தியாரே,” என்றார். “ஆனா தேறும்.”